செங்கல் வாசித்த கச்சேரி

பாலாற்றில் தண்ணீர் போய் மணல் மட்டும் மிஞ்சி, மணலையும் லாரி லாரியாக விற்றுத் தீர்த்துக் களிமண் மட்டும் மிஞ்சி, அந்தக் களிமண்ணையும் அறுத்துச் சுட்டு விற்பதற்காக ஊரைச் சுற்றிச் சூளைகள் புகைந்துகொண்டிருக்கிற சூளைப்பட்டில், மேலேயிருந்து சூரியனும் பக்கவாட்டிலிருந்து சூளையும் மனிதனை ஒரே சமயத்தில் வேகவைக்கிற அக்கினி நட்சத்திரத்தில், பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால்தான் சொந்தபந்தம் வந்து சேரும் என்பதற்காகவே பார்த்துப் பார்த்துக் கல்யாணம் வைக்கிற அந்த ஊர் ஜனங்களுக்கு, ஒருநாள் மத்தியானம், ஏ.கே. திருமண மண்டபத்தில் இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, ஒரு கறுப்புத் தகரப் பெட்டியிலிருந்து குளிர் வந்தது. வந்த குளிரை முதலில் கண்டுபிடித்தவர் மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறை. அவர் தன் இலையைப் பார்த்து, "ஏம்பா, ரசம் இன்னாபா இப்டி ஆறிக் கெடக்குது, சூடா ஒண்ணும் கெடையாதா?" என்றார். அற்புதம் ஒன்று ஊருக்குள் நுழைந்தபோது சூளைப்பட்டு அதற்குக் கொடுத்த வரவேற்பு இதுதான்.

பெட்டி தயாளனுடையது. தேன்சாரல் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிற தயாளனுக்கு அந்தப் பெயரை வைத்த போதகர் நல்ல மனுஷர், குழந்தையின் மூஞ்சியைச் சரியாகப் பார்க்காமல் வைத்துவிட்டார். தயை என்கிற சமாச்சாரம் அவனிடம் மருந்துக்கும் கிடையாது. பாடகன் சுதி விலகினால் அவன் முகத்தைப் பார்க்க மாட்டான், செருப்பைப் பார்ப்பான். பாட்டு நடுவில் பிரமுகர் வந்துவிட்டார் என்று மைக்கைப் பிடுங்கி வரவேற்கிறவனைப் பார்த்தால் கொட்டாவி விடுவான். ஊர்க்காரர்களைப் பற்றி அவனுக்கு ஒரே ஒரு அபிப்பிராயம்தான்: இவர்களுக்குக் காது என்பது மூக்குக்கண்ணாடி நழுவாமல் இருக்கக் கடவுள் அடித்துவைத்த ஆணி.

ஊரைவிட அதிகமாக அவன் வெறுத்தது அந்தப் பெட்டியை. குழுக்காரர்கள் அதை மாட்யூல் என்பார்கள். அதற்கென்று கட்டைகள் கிடையாது; கீபோர்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்து அதன் முதுகில் சொருகினால், இங்கே அழுத்துகிற கட்டைக்கு அங்கே சத்தம் வரும். தயாளனுக்கு மீசை முளைக்கும் முன்பே ஜப்பானில் செய்து, சென்னையில் ஏதோ ஒரு ஒலிப்பதிவுக்கூடத்தில் உழைத்து, அவர்கள் கம்ப்யூட்டருக்கு மாறியபோது கழித்துக் கட்டிய சாமான். முகத்தில் இரண்டு வரி மட்டும் தெரிகிற பச்சைக் கண்ணாடி. ஒரு சத்தத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டுமென்றால் பொத்தானை அழுத்தி அழுத்தி, வீட்டுக்குள் போய், அறைக்குள் போய், அலமாரிக்குள் போய், டப்பாவுக்குள் போய், அங்கே ஒரு கடுகை நகர்த்திவிட்டு, அதே வழியாகத் திரும்பி வந்து, கடுகு நகர்ந்ததா என்று வாசித்துப் பார்க்க வேண்டும், நகர்ந்திருக்காது. ஒரு நேரத்தில் பதினாறு சுரம்தான் தாங்கும். பதினேழாவதை அழுத்தினால், ஒரு வார்த்தை கேட்காமல், முதலில் அழுத்திய சுரத்தின் கழுத்தைத் திருகிவிடும். உள்ளே ஒரு சின்ன பேட்டரி. அது சாகிறவரைக்கும்தான் நாம் சேமித்துவைத்த சத்தங்களுக்கு உயிர்; அதைக் கழற்றி மாற்றினாலும் அத்தனையும் போய்விடும். இதைச் செய்தவன் கையில் கிடைத்தால் அவனையே இந்தப் பச்சைக் கண்ணாடிக்குள் உட்காரவைத்து ஒரு கடிதம் எழுதச் சொல்வேன் என்பான் தயாளன்.

ஆனால் மனசில்லாமல் அவன் ஒப்புக்கொண்ட ஒன்று உண்டு. வெயிலில் தந்தி தொய்யும், தோல் இறுகும், பாடகனுக்குத் தொண்டை கட்டும். அந்தத் தகரம் மட்டும், வேன் கூரையிலிருந்து விழுந்து எழுந்த மறுநாள் கூட, ஒரு நூல் சுதி பிசகாமல் பாடும். அதிலும் அதன் மணிச்சத்தம் இருக்கிறதே, ஆயிரம் சத்தம் வைத்திருக்கிற இன்றைய கீபோர்டு எதிலும் அந்தக் கூர்மை கிடையாது. திட்டிக்கொண்டே துடைத்து, திட்டிக்கொண்டே துணி போர்த்தி வைத்திருந்தான் என்றால் காரணம் அதுதான்.

தயாளனிடம் ஒரு மெட்டு இருந்தது. வார்த்தை இல்லாத மெட்டு, அவனே போட்டது. அந்த மெட்டுக்கென்று ஒரு சத்தம் வேண்டும் என்று ஒரு மழைக்காலம் முழுக்கக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குள் போய், அறைக்குள் போய், அலமாரிக்குள் போய், கடுகு கடுகாக நகர்த்தி, கண்ணாடித் தம்ளரை ஸ்பூனால் தட்டினாற்போல் பளிச்சென்று எழுந்து, மெல்ல மங்கி, மங்கிக்கொண்டே போய் இல்லாமல் ஆகிற ஒரு சத்தத்தை அவன் செய்து வைத்திருந்தான். அந்த மங்கிப்போகிற இடத்தில்தான் மெட்டின் உயிர் இருந்தது. அவனுக்கு இந்த உலகத்தில் வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று: யாராவது ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், அதை முதலிலிருந்து கடைசிவரை வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். அன்று பாடகர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அதைத்தான் முதல்முறையாக வெளியில் வாசித்தான். குளிர் வந்தது. ரசம் ஆறியது. மெட்டை யாரும் கேட்கவில்லை.

குளிர் எப்படி வந்தது என்று சூளைப்பட்டில் ஒருவரும் கேட்கவில்லை. ஏன் இவ்வளவு நாளாக வரவில்லை என்றுதான் கேட்டார்கள். அடுத்த முகூர்த்தத்திலிருந்தே மண்டபத்துக்கு வருகிறவர்கள் கையில் மொய்க் கவரோடு ஒரு தண்ணீர்க் குடமும் வந்தது. பூக்காரர்கள் மல்லிகைச் சரத்தைக் கொண்டுவந்து ஸ்பீக்கர் மேல் போர்த்தினார்கள். இட்லி மாவு புளிக்கக்கூடாது என்று அண்டாக்கள் மேடை ஓரம் வரிசை கட்டின, மோர்ப் பானைகள் ஏறின, மீன்காரி ஒருத்தி கூடையோடு வந்து, கல்யாண வீட்டில் மீன் வாசனையா என்று திட்டு வாங்கி, அப்புறம் மண்டபத்துப் பின்சுவருக்குச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். பிணத்தை வைக்கும் ஐஸ் பெட்டிக்காரர் தன் பிழைப்பில் மண் விழுந்ததாகச் சண்டைக்கு வந்தார். குளிரில் அரை மணி நேரம் உட்கார்ந்ததும் கோபம் ஆறி, மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனார். கடைசி வரிசைக்குக் குளிர் எட்டவில்லை என்று புகார் வந்தது. போன வாரம் இதைவிட நன்றாக இருந்தது என்று புகார் வந்தது. பெண் வீட்டார் பக்கம் ஸ்பீக்கரைத் திருப்பிவைத்துவிட்டார்கள் என்று ஒரு நிச்சயதார்த்தம் முறிகிற அளவுக்குப் போனது. கல்யாணப் பத்திரிகைகளில் கீழே, வாகன வசதி உண்டு என்பதற்குப் பக்கத்தில், ‘மண்டபம் முழுவதும் தயாளன் வசதி உண்டு’ என்று அச்சடிக்க ஆரம்பித்தார்கள்.

பாட்டு நின்றுபோனது இயல்பாகவே நடந்தது. பாட்டுப் பாடினால் பேச முடியவில்லை என்றார்கள். பாடகர்கள் வேறு ஊர்க் குழுக்களைத் தேடிப் போனார்கள். ரிதம் பேட் வாசிக்கிற குப்புராஜ் மட்டும் ஷேர் ஆட்டோ ஓட்டப் போகிற அன்று வந்து தயாளன் பக்கத்தில் நின்றான்.

"நம்ம கதெ முடிஞ்சிச்சி தயாளா. உனுக்கு ஒருத்தனுக்குத்தான் யோகம்."

"யோகமா? நான் ஃபேனுக்குப் பதிலு ஒக்காந்துகினு கீறேன்டா."

"ஃபேனத் தெனம் தொடைக்கிறாங்களா? உனுக்கு ரெண்டு வேள சோறு போட்றாங்க இல்ல" என்றான் குப்புராஜ்.

தயாளன் ஊரைச் சோதித்துப் பார்த்தான். தாலி கட்டும்போது சாவு வீட்டுக் கீர்த்தனை வாசித்தான், அட்சதை விழுந்தது. சினிமாப் பாட்டை வாலிலிருந்து தலைக்கு வாசித்தான். ஒரு தாய்மாமன் தாளம் போட்டார். வெறுமனே ஒரே கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தான். குளிர் ஒரு மயிரிழை குறையவில்லை, முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் இன்றைக்குக் கச்சேரி பிரமாதம் என்றாள். தன் மெட்டை மறுபடி மறுபடி, ஒவ்வொரு பந்திக்கும், இவர்கள் முகத்தைப் பார்த்தபடியே வாசித்தான். மாடு கூட வாலை ஆட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டில் வாசிக்கலாம் என்றால், அவன் மனைவி சாராளுக்குச் சைனஸ். கொஞ்சம் பனி பட்டால் போதும், மூக்கு அடைத்து நெற்றி வலித்துச் சுருண்டுவிடுவாள். வாசலை ஒட்டிய அறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கிற அவள், மண்டபம் இருக்கிற தெருப்பக்கமே போனதில்லை. "அப்டி இன்னாத்ததான் வாசிக்கிறீங்க அங்க?" என்று ஒருமுறை கேட்டாள். "உனுக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். இந்த ஊரிலேயே அவன் அலட்சியமாகப் பேசாத ஒரே ஆள் அவள்தான், அவளிடமும் அவன் சரியாகப் பதில் சொல்லவில்லை.

மண்டபத்து முதலாளி ஏகாம்பரம். ஊரில் பாதிச் சூளை அவருடையது. அவர் சூளையில் வேகிற ஒவ்வொரு செங்கல்லின் வயிற்றிலும் ஏ.கே. என்ற எழுத்துகள் குழியாகப் பதிந்திருக்கும். தயாளன் சாப்பிடப் போகும்போதெல்லாம் மண்டபம் புழுங்குவதும், ஜனங்கள் சத்தம் போடுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் தயாளன் இலையில் உட்கார்ந்த சமயம் பார்த்து, மேடைக்குப் போய், ஒரு முழுச் செங்கல்லை எடுத்துக் கட்டைகள் மேல் படுக்கவைத்தார். செங்கல் பத்து வெள்ளைக் கட்டைகளை ஒரே அமுக்காக அமுக்கியது. பத்துச் சுரமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டு அலறின. குளிர் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார்கள். இதுவரை வாசித்தவனுக்கும் இப்போது வாசிப்பதற்கும் ஒரு வித்தியாசமும் அவர்களுக்குத் தெரியவில்லை. பாயசம் வருவதற்குள் சத்தம் மங்கியது, குளிரும் கூடவே மங்கியது.

கை கழுவிவிட்டு வந்த தயாளன் தன் கட்டைகள் மேல் செங்கல்லைப் பார்த்தான். பல வருஷத்துக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தான்.

"இன்னா மொதலாளி, புது ஆள் நல்லா வாசிக்கிறாரா?"

"கல்லு நல்லாத்தான் வாசிக்குது" என்றார் ஏகாம்பரம், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "உன் பொட்டிதான் நிக்க மாட்டேங்குது. சத்தம் செத்துச் செத்துப் போவுது பாரு. அத்த சாவாத மாதிரி பண்ணிக் குடு."

"அது அப்டித்தான் இருக்கணும். மங்கினாத்தான் அது சத்தம்."

"மங்கறதுக்கா நான் சோறு போட்றேன்?"

மாற்ற முடியும் என்பது தயாளனுக்குத் தெரியும். அலமாரிக்குள், டப்பாவுக்குள், ஒரு கடுகு. அதைக் கடைசிவரை தள்ளிவிட்டால் ஒருமுறை எழுந்த சுரம் மங்கவே மங்காது. தள்ளிவிட்டால் அவனுடைய இடத்தில் செங்கல் உட்கார்ந்துகொள்ளும் என்பதும் தெரியும். வாரக்கணக்கில் மாட்டேன் என்றான். பெட்டியே அதற்குள் பச்சைக் கண்ணாடியில், பேட்டரி தீருகிறது, பேட்டரி தீருகிறது என்று எழுதிக் காட்ட ஆரம்பித்திருந்தது.

அவனை எங்கே தட்டினால் உடைவான் என்பதை ஏகாம்பரத்துக்குச் சொல்லிக்கொடுத்தது குப்புராஜ்தான், கெட்ட எண்ணத்தில் இல்லை, ஆட்டோவில் பேச்சுவாக்கில். மறுநாள் ஏகாம்பரம் தயாளனைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"உன்கிட்ட சொந்தமா ஒரு பாட்டு கீதாமே. ஊர் மொத்தத்தையும் மண்டபத்துல ஒக்கார வெக்கறேன். ஒரு பய வாயத் தொறக்க மாட்டான், எவனும் எய்ந்து போவ மாட்டான். நீ மொதல்லருந்து கடைசி வரைக்கும் வாசி. அதுக்கு முன்னாடி அந்தச் சத்தத்த மட்டும் நிக்க வெச்சிக் குடுத்துடு."

இந்த ஊரையா, இந்தக் காதுகளையா என்று தயாளனுக்கு உள்ளுக்குள் எரிந்தது. எரிந்துகொண்டே சரி என்றான். யாரை அவன் மனுஷராகவே மதிக்கவில்லையோ அவர்கள் கேட்க வேண்டும் என்பதற்காக, யாரும் கேட்டிராத தன் சத்தத்தை அவன் விற்றான். இதற்கு அப்புறம் அவன் யாரை இளக்காரமாகப் பார்த்தாலும் அந்த வரிசையில் முதல் ஆளாகத் தானே நின்றான்.

வீட்டுக்குள் போய், அறைக்குள் போய், அலமாரிக்குள் போய், கடுகைக் கடைசிவரை தள்ளினான். "இனிமே இதுல கரண்ட நிறுத்தவே கூடாது. பேட்டரி செத்துடுச்சி. நிறுத்தினா உள்ள கீற அத்தினியும் பூடும்" என்றான். ஏகாம்பரம் இன்வெர்ட்டர் வாங்கிப்போட்டார்.

சொன்ன வார்த்தையை அவர் காப்பாற்றினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மண்டபம் நிரம்பியது, குழந்தைகள் வாயில் கூட மிட்டாயைத் திணித்து அடக்கியிருந்தார்கள். ஆனால் ஜனங்கள் புழுக்கத்தில் எப்படி உட்காருவார்கள் என்று செங்கல்லை முன்கூட்டியே கட்டைகள் மேல் ஏற்றிவிட்டிருந்தார்கள். பத்துச் சுரமும் மங்காமல், மூச்சு விடாமல், அலறியபடி நின்றன.

"கல்ல எடுங்க" என்றான் தயாளன்.

"அது ஒரு ஓரமா கெடந்துட்டுப் போவுது. மேல கட்ட காலியாத்தான கீது, வாசி" என்றார் ஏகாம்பரம்.

வாசித்தான். முதல் சுரம் எழுந்தது, மங்கவில்லை. இரண்டாவது அதன்மேல் ஏறி நின்றது. மூன்றாவது, நான்காவது, எல்லாம் வந்த இடத்திலேயே நின்றன, ஒன்றும் நகர்ந்து வழிவிடவில்லை; மெட்டு நடப்பதற்கு இடமே இல்லாமல் கும்பலாக நெரிந்தது. செங்கல் பத்தைப் பிடித்துக்கொண்டதால் அவனுக்கு மிச்சமிருந்தது ஆறுதான். ஏழாவதைத் தொட்டதும் பெட்டி தன் பழைய புத்தியைக் காட்டி, செங்கல்லின் முதல் சுரத்தின் கழுத்தைத் திருகியது. ஒவ்வொரு சுரம் சாகும்போதும் அந்த இடத்தில் ஒரு கைப்பிடி வெயில் மண்டபத்துக்குள் எட்டிப்பார்த்தது.

"ஏ, ஏ, கல்லத் தொந்தரவு பண்ணாதபா" என்றது முன்வரிசை. "குளிரு தூக்கித் தூக்கிப் போடுது" என்றது பின்வரிசை. நான்காவது வரி முடியவில்லை, இரண்டு பேர் மேடைக்கு வந்து, மரியாதையாகத்தான், அவன் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டார்கள். தயாளன் அவர்களைத் திட்டவில்லை. மெட்டைக் கொன்றது அவர்கள் இல்லை, அந்தக் கடுகைத் தள்ளிய தன் விரல் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கே வாய் கசக்கிறது. சாவே இல்லாத சத்தத்துக்குக் கல் கூடத் தேவையில்லை. ஒருமுறை அமுக்கி எடுத்துவிட்டாலே அது பாட்டுக்கு நிற்கும். "கல்ல எடுத்தாலும் குளிரும், எடுத்துப் பாருங்க" என்று தயாளன் சொன்னான். எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. செங்கல்லுக்கு முதலில் ஒரு பொட்டு வைத்தார்கள். அப்புறம் மாலை போட்டார்கள். அப்புறம் செருப்போடு மேடை ஏறக்கூடாது என்றார்கள். மங்காத குளிர் மேல்மேலும் சேர்ந்து மண்டபத்துச் சுவரெல்லாம் வேர்த்து ஒழுகியது. வெளியே தார் உருகுகிற வெயிலில் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு, பல் கிடுகிடுக்க, எங்க ஊரு ஊட்டி என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போர்வை விற்கிற வடக்கத்திக்காரர்கள் வேலூருக்குப் போகாமல் நேராகச் சூளைப்பட்டில் இறங்கினார்கள். ஓயாத பத்துச் சுர அலறலில் காது மரத்துப்போய், ஊரே ஒருவரோடு ஒருவர் கத்திப் பேசப் பழகியது. சொந்த வீட்டிலும் கத்தியே பேசியது. பத்திரிகைகளில் தயாளன் வசதி போய் ‘கல் வசதி உண்டு’ என்று வந்தது. தயாளன் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். சாராளின் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த அக்கினி நட்சத்திரத்தில், செங்கல் மேடையேறிய முதலாம் ஆண்டு விழா என்று நோட்டீஸ் அடித்தார்கள். தயாளனுக்கும் ஒன்று வந்தது, அன்னதானத்துக்கு. போகக்கூடாது என்று நினைத்தவன், பெட்டியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனான். ஏகாம்பரம் பட்டு வேட்டியில் நின்றார். செங்கல்லுக்குப் பொட்டும் மாலையும் முடிந்து, அடுத்தது பாலாபிஷேகம் என்று மைக்கில் அறிவித்தார்கள். ஒரு குடம் பால், நிறைகுடம்.

செங்கல்லுக்குக் கீழே கீபோர்டு, கீபோர்டுக்குக் கீழே ஒயர், ஒயருக்குக் கீழே பிளக்குகள் சொருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்பதைத் தயாளன் பார்த்தான். ஷாக் அடித்து யாரும் சாக மாட்டார்கள், கரண்டை வெட்டிவிடுகிற டிரிப்பர் விழும், அவ்வளவுதான். சொல்லலாம் என்று வாயைத் திறந்தான். மண்டபம் முழுக்கக் குரங்குக் குல்லாக்கள் கைகூப்பி நின்றிருந்ததைப் பார்த்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

பால் செங்கல்லின் தலையில் விழுந்து, ஏ.கே. என்ற குழியை நிரப்பி, வழிந்து, கட்டைகளின் இடுக்கில் ஒவ்வொன்றாக இறங்கியது. கீழே ஒரு சின்னப் பொறி பறந்தது. இன்வெர்ட்டரும் சேர்ந்து செத்தது, விளக்குகள் அணைந்தன. ஒரு வருஷமாக ஓயாத அலறல் ஒரே அடியில் நின்றது, அந்த அமைதியில் ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் கத்திக் கூப்பிட்டுத் தங்கள் சத்தத்துக்குத் தாங்களே பயந்தார்கள். சுவர்களிலிருந்து வெயில் உள்ளே வந்தது. ஒவ்வொருவராகக் குல்லாவைக் கழற்றினார்கள்.

மறுபடி கரண்டு கொடுத்தபோது பெட்டி எதுவும் நடக்காத மாதிரி பச்சைக் கண்ணாடியில் வணக்கம் சொன்னது. கம்பெனிக்காரன் அன்றைக்குப் போட்டு அனுப்பிய சத்தங்கள் அப்படியே இருந்தன. தயாளன் செய்த சத்தம் இல்லை. செங்கல்லை எடுத்து எடுத்து அமுக்கினார்கள். சத்தம் வந்தது, குளிர் வரவில்லை.

"பொட்டி கெட்டுப் பூட்ச்சி" என்று ஏகாம்பரம் தீர்ப்புச் சொன்னார். "அப்பவே சொன்னேன், பழைய சாமான்னு. நீ எடுத்துனு பூடு தயாளா. கல்லு எங்களுது."

"கல்லு உங்களுதுதான் மொதலாளி" என்றான் தயாளன். அதைவிட உண்மையான வார்த்தையை அவன் அந்த ஊரில் சொன்னதில்லை.

அன்றைக்கே செங்கல்லைத் தாம்பாளத்தில் வைத்து, மேளம் கொட்டி, நாலு ரோடு சந்திப்புக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அங்கே ஒரு சின்னக் கோபுரம் இருக்கிறது. உச்சி வெயிலில், வெறுங்காலில், கொதிக்கிற தாரில் சுற்றி வருகிறார்கள். பக்கத்தில் போய் நின்றால் லேசாகக் குளிருகிறது என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தயாளன் பெட்டியைத் தோளிலும் கீபோர்டை அக்குளிலும் சுமந்து வீட்டுக்கு வந்தான். ஒரே வியர்வை. சாராள் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, பால் நாத்தம் அடிக்குது?"

"அபிஷேகம்" என்றான். ஈரத்துணியால் கட்டை கட்டையாகத் துடைத்தான். ஒயரை எடுத்துப் பெட்டியின் முதுகில் சொருகினான்.

"இங்கயா வாசிக்கப் போறீங்க? இருங்க, சொட்டர் எடுத்துப் போட்டுக்கறேன்."

"வாணாம். குளிராது. அதெல்லாம் பூட்ச்சி."

கம்பெனி போட்ட சாதாரண மணிச்சத்தம் ஒன்றைத் தேடி எடுத்தான். அவன் செய்த சத்தத்தின் கால் தூசி பெறாது, ஆனால் தட்டினால் எழுந்தது, எழுந்தது மங்கியது, அந்த ஒரு குணம் மிச்சமிருந்தது. தலைக்கு மேலே ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் டக்கு டக்கு என்று அடித்துக்கொண்டிருந்தது. மெட்டை ஆரம்பித்தான். பால் இறங்கிய இரண்டு கட்டைகள் பேசவில்லை. அந்த இடங்களில் விரல் வெறும் பிளாஸ்டிக்கைத் தட்டிவிட்டுத் தாண்டியது. சாராள் இந்நேரம் மிஷினை மிதிக்க ஆரம்பித்திருப்பாள் என்று நினைத்தபடியே, திரும்பிப் பார்க்காமல், கடைசிவரை வாசித்து முடித்தான். மிஷின் ஓடவில்லை.

"நடுவுல ரெண்டு எடத்துல ஓட்ட வியுதே" என்றாள் சாராள். "அங்க இன்னா வரணும்?"

தயாளன் திரும்பினான். இதைக் கேட்பதற்கு அவனுக்கு ஒரு ஊர் தேவைப்பட்டிருந்தது, ஒரு மண்டபம் தேவைப்பட்டிருந்தது, அவள் ஒரு பிளவுஸ் பிட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டாள்.  விட்டுப்போன இரண்டு சுரத்தையும் வாயால் பாடிக் காட்டினான்.

"சரி, இன்னொரு வாட்டி வாசிங்க. அந்த எடம் வந்தா வாயால சொல்லுங்க" என்றாள். அப்புறம், "இருங்க, இந்தச் சனியன் டக்கு டக்குன்னு" என்று எழுந்தாள்.

நெற்றியிலிருந்து வியர்வை கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அக்கினி நட்சத்திரத்தில், மத்தியானம் இரண்டு மணிக்கு, சூளைப்பட்டில், ஒருத்தி எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள்.